மா ரகங்களின் பசுங்கணிக மரபணுத்தொகையை ஒப்பிடுவது எப்படி?

நீலம் மாவைத் தாயாகவும் தசேரியைத் தந்தையாகவும் கொண்டு பிறந்த ரகம் மல்லிகா. அதே இரண்டு ரகங்களை இடம் மாற்றி, தசேரியைத் தாயாகவும் நீலத்தைத் தந்தையாகவும் வைத்தபோது கிடைத்தது ஆம்ரபாலி. இரண்டையும் புதுதில்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் 1970களில் வெளியிட்டது. அணுக்கரு டிஎன்ஏவை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒரே பெற்றோரின் பிள்ளைகள் என்று தெரியுமே தவிர, அந்தப் பெற்றோரில் தாய் எது, தந்தை எது என்பது தெரியாது. இலையில் ஒளிச்சேர்க்கை நடக்கும் நுண்ணுறுப்பான பசுங்கணிகத்தின் தனி டிஎன்ஏ பெரும்பாலான பூக்கும் தாவரங்களில் தாய்வழியாகவே பிள்ளைக்குப் போகிறது. ஆகவே, கலப்புப் பதிவேடு சரியானால் மல்லிகாவின் இலையில் நீலத்தின் பசுங்கணிகமும் ஆம்ரபாலியின் இலையில் தசேரியின் பசுங்கணிகமும் இருக்க வேண்டும். பெங்களூரிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட அர்க்கா அருணாவும் அர்க்கா புனீத்தும் இதே போன்ற இன்னொரு இணை. முன்னதற்குப் பங்கனப்பள்ளி தாய், அல்போன்சா தந்தை. பின்னதற்கு அல்போன்சா தாய், பங்கனப்பள்ளி தந்தை.

இந்த எடுத்துக்காட்டை முதலிலேயே வைப்பதற்குக் காரணம் உண்டு. பசுங்கணிக மரபணுத்தொகை, அதாவது அதன் முழு டிஎன்ஏ வரிசை, தாய்வழியைப் பற்றிய கேள்விகளுக்கு மட்டுமே பதில் சொல்லும். ஒரு பழம் இமாம்பசந்தா, மல்கோவாவா என்று அடையாளம் காட்டும் கருவியாக அதைப் பயன்படுத்த நினைப்பவர் ஏமாறுவார், ஏனென்றால் ஒரே தாய்வழியில் வந்த பல ரகங்கள் ஒரே பசுங்கணிக வரிசையைச் சுமந்துகொண்டிருக்கலாம். இனிப்பு, நார், மணம், காய்க்கும் பருவம் ஆகிய பண்புகளுக்கான மரபணுக்களும் பெரும்பாலும் அணுக்கருவில்தான் உள்ளன. எனவே வேலையைத் தொடங்குமுன் கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதிக்கொள்ளுங்கள். 'இந்தக் கலப்பினத்தின் தாய் எது', 'இந்தத் தோட்டத்து ரகங்கள் எத்தனை தாய்வழிகளிலிருந்து வந்தவை', 'இந்தக் காட்டுமா எந்த இனத்துக்கு நெருக்கம்' போன்றவை பசுங்கணிகத்திடம் கேட்கத் தகுந்த கேள்விகள்.

ஒப்பிடப்போகும் பொருளின் அமைப்பு

மாவின் பசுங்கணிக மரபணுத்தொகை ஏறத்தாழ 1,58,000 கார இணைகள் (டிஎன்ஏவின் எழுத்துகள்) நீளமுள்ளது. அணுக்கருவில் 20 இணைக் குரோமோசோம்களில் ஏறக்குறைய 40 கோடி கார இணைகள் இருப்பதை நினைத்தால் இது மிகச் சிறியது. அதை வட்டமாக வரைவது வழக்கம். அந்த வட்டத்தில் ஏறத்தாழ 87,000 கார இணைகள் கொண்ட பெரிய ஒற்றைப் பகுதி ஒன்றும், 18,000 கொண்ட சிறிய ஒற்றைப் பகுதி ஒன்றும் உள்ளன. இவ்விரண்டுக்கும் இடையில் இரு புறமும் 26,000 அளவில் ஒரே வரிசை எதிரெதிர்த் திசையில் அமைந்திருக்கிறது. அவற்றை இங்கே தலைகீழ்ப் பிரதிகள் என்று குறிப்பிடுவோம். புகையிலையின் பசுங்கணிக வரிசை 1986இல் முழுமையாக வெளியானதிலிருந்து ஆயிரக்கணக்கான தாவரங்களில் இந்த நான்கு பகுதி அமைப்பே காணப்பட்டிருக்கிறது. பின்னால் வரும் பிழைகளில் பெரும்பாலானவை இந்தத் தலைகீழ்ப் பிரதிகளை மறந்துவிடுவதால் நேர்பவை என்பதால் இதை மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது.

மரத்தைத் தேர்ந்தெடுத்தல்

நல்ல மாந்தோப்பில் நிற்பவை பெரும்பாலும் ஒட்டு மரங்கள். ஒட்டுக்கு மேலே உள்ள கிளைகள் பெயர் பெற்ற ரகத்துக்கு உரியவை. கீழே உள்ள வேர்ச்செடி ஏதோ ஒரு கொட்டையிலிருந்து முளைத்தது. வேர்ச்செடிக்கென்று தனித் தாய்வழி இருப்பதால், ஒட்டுக்குக் கீழே துளிர்த்த கிளையிலிருந்து இலை பறித்தால் முழு ஆய்வும் வேறொரு மரத்தைப் பற்றியதாகிவிடும். குட்டை வளர்ச்சிக்காக வெள்ளைக் கொழும்பானை வேர்ச்செடியாக வைத்த மரத்தில் அடியில் கிளம்பிய தளிரைப் பறித்தால், மேலே அல்போன்சா காய்த்திருந்தாலும் கணினியில் தெரிவது வெள்ளைக் கொழும்பானின் பசுங்கணிகம்தான். வயதான மரங்களில் ஒட்டுத் தழும்பு மறைந்துவிடும். அப்போது பழம் தாங்கியிருக்கும் கிளையிலிருந்தே இலை எடுக்க வேண்டும். முடிந்தால் அந்தப் பழத்தைப் படம் எடுத்து வைக்க வேண்டும்.

ஒவ்வொரு ரகத்துக்கும் ஒரே மரம் போதாது. ஒட்டுக் கட்டிப் பெருக்கிய ரகத்தின் எல்லா மரங்களிலும் ஒரே பசுங்கணிகம் இருக்க வேண்டும் என்பதால், வெவ்வேறு தோட்டங்களிலிருந்து இரண்டு அல்லது மூன்று மரங்களைச் சேர்த்தால் அதுவே பெயர்ப்பலகை சரியா என்பதற்கான சோதனையாகிவிடும். பெயர்க் குழப்பத்தையும் முன்கூட்டியே தீர்த்துவிடுங்கள். கிளிமூக்கு, பெங்களூரா, தோத்தாபுரி என்று மூன்று பெயர்களில் மூன்று மாதிரிகள் பட்டியலில் ஏறினால், ஒரே ரகத்தை மூன்று ரகங்களாக எண்ணிய கணக்கு வந்துசேரும். அரசு ஆராய்ச்சி நிலையங்களின் ரகச் சேகரிப்புத் தோட்டங்களில் ஒவ்வொரு மரத்துக்கும் பதிவு எண் இருக்கும். இயன்றவரை அங்கிருந்து தொடங்குவதே சிறந்தது.

இலையும் டிஎன்ஏவும்

மா இலையில் பாலிபீனால்களும் பசைத்தன்மையுள்ள கூட்டுச் சர்க்கரைகளும் மிகுதி. பிரித்தெடுத்த டிஎன்ஏ பழுப்பு நிறத்தில் வந்தால் பாலிபீனால்கள் ஆக்சிஜனேற்றம் அடைந்து அதோடு ஒட்டிக்கொண்டுவிட்டன என்று பொருள். குழாயின் அடியில் கொழகொழவென்று தங்கினால் அது கூட்டுச் சர்க்கரை. இரண்டும் பின்னால் வரும் நொதி வினைகளைக் கெடுக்கும். முற்றாத இளம் இலைகளைப் பறித்து, உடனே சிலிக்கா ஜெல்லில் போட்டு உலர்த்துங்கள், அல்லது பனிப்பெட்டியில் வைத்து ஆய்வகத்துக்குக் கொண்டுவந்து குளிரூட்டியில் சேமியுங்கள்.

பிரித்தெடுப்புக்கு 2 சதவீத சிடிஏபி (செல்லைக் கரைத்து டிஎன்ஏவைப் பிரிக்க உதவும், சோப்பு போன்ற வேதிப்பொருள்) கரைசல் முறை நன்றாகவே வேலை செய்கிறது. அதில் 2 சதவீதம் பாலிவினைல் பைரோலிடோனும், பயன்படுத்துவதற்குச் சற்று முன்பாகச் சிறிதளவு பீட்டா மெர்காப்டோ எத்தனாலும் சேர்க்க வேண்டும். முன்னது பாலிபீனால்களைப் பிடித்துக்கொள்ளும், பின்னது ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும். அரைத்த இலைப்பொடியை முதலில் சார்பிட்டால் கரைசலில் ஓரிரு முறை கழுவி, மேல்நீரை ஊற்றிவிட்டுப் பிறகு சிடிஏபி சேர்ப்பது மாவுக்கு மிகவும் பயன் தரும் படி. இதைத் தவிர்க்க வேண்டாம். 65 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை வைத்து, குளோரோஃபார்ம், ஐசோஅமைல் ஆல்கஹால் கலவையால் இரண்டு முறை பிரித்து, ஐசோபுரோப்பனாலில் டிஎன்ஏவைத் திரளச் செய்யலாம். டிஎன்ஏ கரைசல் ஒளியை உறிஞ்சும் அளவில் (அலைநீளம் நானோமீட்டரில்) 260க்கு 280 விகிதம் 1.8ஐ ஒட்டியும், 260க்கு 230 விகிதம் 2ஐ ஒட்டியும் இருந்தால் மாதிரி தூய்மையானது. இரண்டாவது விகிதம் மிகவும் தாழ்ந்திருந்தால் அடுத்த கட்டத்துக்குப் போகாமல் மறுபடியும் கழுவுங்கள்.

பசுங்கணிகங்களைத் தனியே பிரித்தெடுக்க வேண்டிய தேவை இப்போது இல்லை. இலையின் மொத்த டிஎன்ஏவையும் வரிசையாக்கினாலே, அதாவது அதன் எழுத்துகளைத் துண்டு துண்டாக வாசித்தாலே போதும், ஏனென்றால் ஒவ்வொரு இலைச்செல்லிலும் பசுங்கணிக மரபணுத்தொகை நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் பிரதிகளாக உள்ளது. ஒரு மாதிரிக்கு 200 கோடி காரங்கள் அளவுக்குத் தரவு வாங்கினால், அணுக்கருவின் ஒவ்வொரு இடமும் சராசரியாக 5 முறைதான் வாசிக்கப்பட்டிருக்கும். அதே தரவில் 5 சதவீதம் மட்டுமே பசுங்கணிகத்துடையது என்று குறைத்து மதிப்பிட்டாலும், பசுங்கணிகத்தின் ஒவ்வொரு இடமும் 600 முறைக்கு மேல் வாசிக்கப்பட்டிருக்கும். இந்த எண்ணிக்கையே வாசிப்பு ஆழம். இந்த இரு எண்களையும் நினைவில் வைத்திருங்கள். பிழை களையும்போது இவையே கைகொடுக்கும். ஒவ்வொரு துண்டின் இரு முனைகளிலிருந்தும் படிக்கும், 150 காரங்கள் நீளமுள்ள இருமுனை வாசிப்புகள் இதற்குப் போதுமானவை. மாதிரியை வெளிநாட்டுக்கு அனுப்பி வரிசையாக்க எண்ணினால், 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி சென்னையிலுள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் விதிகள் என்ன கேட்கின்றன என்பதை முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆய்வக வசதி இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. உலகின் பல ஆய்வுக் குழுக்கள் மா ரகங்களின் மொத்த டிஎன்ஏ வாசிப்புகளைப் பொதுத் தரவகங்களில் இட்டுள்ளன. அணுக்கருவுக்காக வாசித்த அந்தத் தரவுகளிலிருந்து பசுங்கணிகத்தைத் தனியே தொகுத்துவிடலாம். ஆனால் பெயரை மட்டும் நம்பாமல், மாதிரி எந்தத் தோட்டத்தின் எந்த மரத்திலிருந்து வந்தது என்ற குறிப்பு உள்ள தரவுகளையே எடுங்கள்.

தொகுத்தல்

ஃபாஸ்ட்பி நிரலால் தரம் குறைந்த முனைகளையும், வரிசையாக்கத்துக்காக ஒட்டிய அடாப்டர் துண்டுகளையும் நீக்கிய பிறகு, கெட்ஆர்கனெல் அல்லது நோவோபிளாஸ்டி நிரலைக் கொண்டு வாசிப்புகளை முழு வட்டமாகத் தொகுக்கலாம். நான் கெட்ஆர்கனெல்லையே பரிந்துரைப்பேன், ஏனென்றால் அது தொகுப்பின் வரைபடத்தையும் சேர்த்துத் தருகிறது. அதைப் பேண்டேஜ் நிரலில் திறந்து பாருங்கள். பெரிய வளையம் ஒன்றும் சிறிய வளையம் ஒன்றும் ஒரு கோட்டால் இணைந்திருந்து, அந்த இணைப்புக் கோட்டின் வாசிப்பு ஆழம் வளையங்களின் ஆழத்தைப் போல இரு மடங்காக இருந்தால் தொகுப்பு முழுமையடைந்துவிட்டது. அந்தக் கோடுதான் தலைகீழ்ப் பிரதி. இரண்டு பிரதிகளும் ஒரே வரிசையாக இருப்பதால் நிரல் அவற்றை ஒன்றாக மடித்துக் காட்டுகிறது.

சிலர் இந்தப் படியைத் தவிர்த்து, ஏற்கெனவே வெளியான ஒரு மா வரிசையின்மேல் வாசிப்புகளைப் பொருத்தி, வேறுபடும் எழுத்துகளை மட்டும் மாற்றிப் புதிய வரிசை என்று வெளியிடுகிறார்கள். இது வேண்டாம். நூற்றுக்கணக்கான காரங்கள் நீளமுள்ள ஒரு துண்டு இந்த ரகத்தில் கூடுதலாக இருந்தால் அந்த முறை அதைக் காட்டாது. ரகங்களுக்கிடையில் வேறுபாடு மிகவும் குறைவு என்ற நிலையில், இருக்கும் ஒன்றிரண்டு நல்ல அடையாளங்களை இப்படி இழந்துவிடக் கூடாது.

திசையும் தொடக்கமும்

தொகுத்த வரிசைகளை அப்படியே ஒப்பிடுவதுதான் இந்தத் துறையில் மிகவும் பரவலான பிழை. தலைகீழ்ப் பிரதிகள் இரண்டும் தமக்குள் இடம் மாறிக்கொள்வதால், ஒரே மரத்தின் ஒரே இலையில் சிறிய ஒற்றைப் பகுதி ஒரு திசையில் அமைந்த மூலக்கூறுகளும் எதிர்த்திசையில் அமைந்த மூலக்கூறுகளும் ஏறத்தாழச் சம அளவில் உள்ளன. இது மாவுக்கு மட்டும் உரியதன்று, பொதுவான இயல்பு. அதனால் கெட்ஆர்கனெல் ஒவ்வொரு மாதிரிக்கும் இரண்டு விடைகளைத் தருகிறது. இரண்டுமே சரி. ஆனால் நீலத்துக்கு முதல் விடையையும் தசேரிக்கு எதிர்த்திசையில் அமைந்த விடையையும் எடுத்துக்கொண்டு ஒப்பிட்டால், 18,000 காரங்கள் நீளத்துக்கும் ஆயிரக்கணக்கான வேறுபாடுகள் தெரியும்; சிறிய ஒற்றைப் பகுதி முழுவதுமே தலைகீழாகத் திரும்பிவிட்டது என்ற தவறான முடிவுக்கும் அது இட்டுச்செல்லும்.

இதைத் தவிர்க்க ஒரு வரிசையை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மாதிரியின் இரு விடைகளையும் அதனோடு மினிமேப்2 நிரலால் ஒப்பிட்டு, ஒத்த இடங்களைப் புள்ளிகளாகக் காட்டும் புள்ளிப்படமாக வரைந்து, ஒரே நேர்கோடாக வரும் விடையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வட்டத்தை எங்கே வெட்டித் தொடங்குவது என்பதும் எல்லா மாதிரிகளிலும் ஒன்றாக இருக்க வேண்டும். தலைகீழ்ப் பிரதி முடிந்து பெரிய ஒற்றைப் பகுதி தொடங்கும் எல்லையையே, அதாவது ஹிஸ்டிடினுக்கான கடத்து ஆர்என்ஏ மரபணுவின் அருகில், தொடக்கமாகக் கொள்வது உலக வழக்கம்.

மரபணுக்களைக் குறிக்க ஜீசெக் என்ற இணையவழி நிரல் போதும். அது தந்ததை அப்படியே ஏற்காமல் ஒவ்வொரு புரத மரபணுவின் தொடக்கக் குறியையும் முடிவுக் குறியையும் பாருங்கள். சில மரபணுக்களில் வழக்கமான தொடக்கக் குறி இல்லாமல் இருப்பது பிழையன்று. படியெடுத்த ஆர்என்ஏவில் ஓர் எழுத்து பின்னர் திருத்தப்படுகிறது. ரகங்களை ஒப்பிடும் வேலைக்கு இந்தக் குறிப்பு துணை மட்டுமே என்பதால் இதில் நாள்களைச் செலவிட வேண்டியதில்லை.

வேறுபாடுகளை எண்ணுதல்

திசையும் தொடக்கமும் ஒன்றான பிறகு எல்லா வரிசைகளையும் மாஃப்ட் நிரலால் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒப்பமைக்கலாம். இரண்டு தலைகீழ்ப் பிரதிகளில் ஒன்றை இந்த இடத்தில் நீக்கிவிடுங்கள். ஒரு பிரதியில் நேர்ந்த மாற்றம் மறுபிரதியிலும் தானே பரவுவதால், நீக்காவிட்டால் ஒரே நிகழ்வை இரு முறை எண்ணுவோம்.

அதன்பின் வரும் பட்டியலை ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்க்க வேண்டும். ரகங்களுக்கிடையில் வேறுபாடுகள் சொற்பம் என்பதால் இது முடியக்கூடிய வேலைதான். இதைச் செய்யாமல் வரும் முடிவை நான் நம்ப மாட்டேன். ஒவ்வொரு மாதிரியின் வாசிப்புகளையும் அதன் சொந்தத் தொகுப்பின்மேல் மறுபடி பொருத்தி, வேறுபாடு தெரியும் இடத்தில் வாசிப்புகள் என்ன சொல்கின்றன என்று பாருங்கள். ஓர் இடத்தில் 600 வாசிப்புகளில் 594 அடினின் என்றும் 6 குவானின் என்றும் காட்டினால், அந்த ஆறும் பெரும்பாலும் பசுங்கணிகத்திலிருந்து வந்தவையல்ல. காலப்போக்கில் பசுங்கணிக டிஎன்ஏவின் துண்டுகள் அணுக்கருவுக்குள் போய்ச் சேர்ந்து அங்கே தனியே மாறிக்கொண்டிருக்கின்றன. அணுக்கருவின் ஆழம் 5 என்று மேலே கண்டோம்; இந்த ஆறு வாசிப்புகள் அந்த அளவோடு பொருந்துகின்றன. மாறாக 600இல் 250 வாசிப்புகள் வேறு எழுத்தைக் காட்டினால், குழாய்கள் கலந்துவிட்டனவா என்று ஆய்வகக் குறிப்பேட்டைப் புரட்ட வேண்டும்.

இன்னும் இரண்டு வகைகளில் கவனம் தேவை. அடினினோ தைமினோ 10, 12, 14 என்று தொடர்ந்து வரும் இடங்களில் நீளம் ஒன்றிரண்டு கூடியோ குறைந்தோ தெரிவது, டிஎன்ஏவைப் பெருக்கும்போது நேரும் வழுக்கலாகவும் இருக்கலாம். மீசா நிரல் இப்படித் திரும்பத் திரும்ப வரும் எழுத்துத் தொடர்களை எல்லாம் பட்டியலிட்டுத் தரும். ஆனால் ஒரே எழுத்து நீளும் இடங்களை மட்டும் நம்பி ரகங்களைப் பிரிக்க வேண்டாம். அப்படிப் பிரிக்க நேர்ந்தால் அந்தத் துண்டை மட்டும் பிசிஆர் வினையால் பெருக்கி, ஒரு துண்டைத் தனியே வாசிக்கும் சாங்கர் முறையில் வாசித்து உறுதிசெய்யுங்கள். அடுத்து, கொண்டை ஊசிபோல் மடியும் வரிசைகளின் நடுவே சில காரங்கள் மட்டும் திரும்பிக்கொள்வதுண்டு. ஒப்பமைவில் இது அடுத்தடுத்துப் பல எழுத்து மாற்றங்களாகத் தெரிந்தாலும் நடந்தது ஒரே நிகழ்வுதான், ஒன்றாகவே எண்ணுங்கள்.

உண்மையான வேறுபாடுகள் பெரும்பாலும் ஒற்றைப் பகுதிகளில், மரபணுக்களுக்கு இடைப்பட்ட வெளிகளில் கிடைக்கும். மரபணுக்களுக்குள் தேடினால் ஒய்சிஎஃப்-1 மரபணுவைப் பாருங்கள். தாவரங்களில் அது வேகமாக மாறும் பசுங்கணிக மரபணுக்களில் ஒன்று. தலைகீழ்ப் பிரதிகளுக்குள் மாற்றம் மிகவும் அரிது.

வெளியாகும் பல கட்டுரைகள் ஒரே வார்ப்பில் அமைகின்றன. வரிசைகளின் ஒற்றுமையைக் காட்டும் எம்விஸ்டா படம், கோடான் (அமினோ அமிலத்தைக் குறிக்கும் மூவெழுத்து) பயன்பாட்டு அட்டவணை, பகுதி எல்லைகளைக் காட்டும் ஐஆர்ஸ்கோப் படம், நகரும் சாளரத்தில் கணக்கிட்ட வேறுபாட்டு வரைபடம் என்று அவை நீள்கின்றன. வெவ்வேறு இனங்களையோ பேரினங்களையோ ஒப்பிடும்போது இவை பயனுள்ளவை. ஒரே இனத்தின் ரகங்களுக்கு எம்விஸ்டா படம் தட்டையான கோடாகத்தான் வரும்; கோடான் அட்டவணை எல்லா ரகங்களுக்கும் ஏறத்தாழ ஒரே எண்களைக் காட்டும். 600 காரச் சாளரத்தில் ஒரே ஓர் எழுத்து மாறினாலும் இரு வரிசைகளுக்கு இடையிலான வேறுபாடு 0.0017 என்று ஒரு சிகரமாக எழும்பி நிற்கும். அதை 'மாறுபாடு மிகுந்த பகுதி' என்று எழுதுவது வாசகரைத் தவறான வழியில் கொண்டுபோகும். இவற்றுக்குப் பதிலாக வேறுபடும் இடங்கள் அனைத்தையும், எந்த ரகத்தில் எந்த எழுத்து என்பதோடு, ஒரே அட்டவணையாகத் தருவதே நேர்மையானதும் பயனுள்ளதும் ஆகும்.

உறவை வரைதல்

ஒரே வரிசை கொண்ட மாதிரிகளை ஒரு ஹாப்லோடைப்பாகச் சேர்த்து, ஹாப்லோடைப்புகளை வலைப்படமாக வரையுங்கள். பாப்ஆர்ட் நிரல் இதற்குப் போதும். வேறுபாடுகள் மிகக் குறைவாக உள்ளபோது கிளை பிரியும் மரப்படத்தைவிட வலைப்படமே உண்மை நிலையைக் காட்டும். பிற இனங்களையும் சேர்க்கும்போது ஐக்யூ-ட்ரீ நிரலால் மரப்படம் வரையலாம். வேரை நிறுவ, மா சேர்ந்த மாங்கிஃபெரா பேரினத்தின் பிற இனங்களைச் சேர்க்க வேண்டும். முந்திரியும் இதே குடும்பந்தான், ஆனால் அதை மட்டும் வெளிக்குழுவாக (வேரைக் காட்டும் வெளி இனமாக) வைத்தால் தொலைவு அதிகமாகிவிடும். இலங்கைக்கே உரிய காட்டுமாவான மாங்கிஃபெரா செய்லானிகாவைச் சேர்ப்பது, கறுத்தக் கொழும்பான் போன்ற இலங்கை ரகங்களின் தாய்வழியை ஆராய்பவருக்கு இன்றியமையாதது. பசுங்கணிக மரப்படம் காட்டுவது தாய்வழியை மட்டுமே. இனங்கள் கலந்திருந்தால் அது அணுக்கரு மரப்படத்தோடு முரண்படலாம்.

இனி மல்லிகாவுக்கும் ஆம்ரபாலிக்கும் வருவோம். நீலத்தையும் தசேரியையும் முதலில் ஒப்பிடுங்கள். இரண்டின் வரிசையும் ஒன்றாகவே இருந்தால் இந்தச் சோதனையால் பிள்ளைகளைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. அதை அப்படியே எழுதிவிட வேண்டும். வேறுபட்டால், அந்த வேறுபாட்டு இடங்களில் மல்லிகா நீலத்தோடும் ஆம்ரபாலி தசேரியோடும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் கலப்புப் பதிவேட்டைக் குறைசொல்லும் முன் வரிசையாகச் சரிபார்க்க வேண்டியவை உள்ளன. இலை ஒட்டுக்கு மேலிருந்து வந்ததா, அதே ரகத்தின் வேறு தோட்டத்து மரமும் இதையே காட்டுகிறதா, அணுக்கரு அடையாளங்கள் அந்த மரத்தை அந்த ரகம் என்று உறுதிசெய்கின்றனவா என்று பாருங்கள். இவை மூன்றும் சரியாக இருந்தால்தான் தாயும் தந்தையும் பதிவில் இடம் மாறியிருக்கலாம் என்று கூறலாம். தந்தைவழியாகப் பசுங்கணிகம் கசிந்து வந்திருக்கும் என்ற விளக்கம் அரிதானது. கடைசியாகவே எண்ணத் தக்கது.

வரிசைகளை ஜென்பேங்க் என்ற பொதுத் தரவகத்தில் இடும்போது மூல வாசிப்புகளையும் கூடவே இடுங்கள். இந்தியாவில் ஃபரீதாபாதில் அமைந்துள்ள இந்திய உயிரியல் தரவு மையமும் இவற்றை ஏற்றுக்கொள்கிறது. ரகத்தின் எல்லாப் பெயர்களும், தோட்டத்தின் பெயரும், மரத்தின் பதிவு எண்ணும், சிறிய ஒற்றைப் பகுதியை எந்தத் திசையில் வைத்தீர்கள் என்பதும், ஒரே எழுத்து நீளும் இடங்களைக் கணக்கில் சேர்த்தீர்களா விட்டீர்களா என்பதும் அந்தக் குறிப்பில் இருந்தால், அடுத்து வேறொரு ரகத்தைச் சேர்க்க வருபவர் உங்கள் அட்டவணையிலேயே ஒரு வரியைக் கூட்டி வேலையைத் தொடரலாம்.